இரண்டிலிருந்து எட்டு வரை

அட்டை இன்னும் டிவி மேசை இழுப்பறையில் கிடக்கிறது,
கேஸ் புத்தகத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவில்.
பெயர்: சில்லறை.
இனம் என்ற இடத்தில் டாக்டர் ஹம்சவேணி
வெறும் கோடு போட்டிருக்கிறார்.
மூன்று தேதி, மூன்று கையெழுத்து,
குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர்கள்.
கடைசியது கொஞ்சம் சாய்ந்து.

பர்கூர் பஸ்ஸில் நடத்துனர்
இரண்டு ரூபாய் பாக்கி வைத்தார். இறங்கும்போது கேட்டேன்.
யாரோ சீட்டுக்கடியில் விட்டுப்போன அட்டைப்பெட்டியைக் காட்டி
'சில்லறை இல்லம்மா, வேணும்னா இத எடுத்துக்க' என்றார்.
பஸ்ஸே சிரித்தது.
பெட்டிக்குள் இருந்ததும் வாயைத் திறந்தது, கொட்டாவிக்கு.

மாம்பழக் கூழ் ஆலையில் என் வேலை
வெப்பநிலை எழுதுவது.
அரை மணிக்கு ஒரு தரம், குளிர் அறைக் கதவருகே,
கையுறையைக் கழற்றி, பேனா உறைந்திருந்தால் ஊதி.
போன சீசனில் ஒரு டிகிரி ஏறியதற்காக
நாற்பது பீப்பாயை லாரியிலிருந்து இறக்க வைத்தேன்.
மேனேஜர் கத்தினார். மறுநாள்
எல்லோர் முன்னாலும் என்னைக் கைதட்டச் சொல்லி நிற்க வைத்தார்.

மே மாதம். மூன்றாவது ஊசி.
ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியே வாங்கி வாங்க என்று சீட்டு.
பழையபேட்டை திம்மராயன் கடையில் கரண்ட் இல்லை.
விசிறிமட்டையால் முகத்தை விசிறிக்கொண்டே
ஃப்ரிட்ஜைத் திறந்தார்.
உள்ளே விளக்கு எரியவில்லை.
பார்த்தேன்.
எரியாத விளக்கைப் பார்த்துக்கொண்டே
ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.
எத்தனை மணியிலிருந்து இல்லை என்று
என் நாக்கு கேட்கவில்லை. ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது.
பெட்டியில் அச்சடித்திருந்தது: இரண்டிலிருந்து எட்டு டிகிரி.

ஜூலையில் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே படுத்தான்.
குடிக்கவில்லை. மோவாயை விளிம்பில் வைத்து
தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அப்புறம் ரத்தம். அப்புறம் அந்த வாடை.
கெட்டுப்போன பெங்களூரா வாடையில் பத்து வருடம் நின்றவள் நான்.
இது வேறு.
தம்பி மாதேஷ் துணிக்கொடியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டினான்.
நாலு நாள்
சொட்டை எண்ணினோம், மாற்றி மாற்றி.
ஐந்தாம் நாள் விடியலில் நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்,
அவன்தான் குழாயை மூடினான்.

தாய்ப்பால் சக்தி ஊசியைத் தடுத்திருக்கலாம் என்றார் டாக்டர்.
சில உடம்பு ஏற்றுக்கொள்ளாமலும் இருக்கலாம்.
மருந்தும்கூட, என்று இழுத்து
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
விளக்கைப் பற்றி நான் சொல்லவில்லை.

ஏரிக்கரையில் புதைத்து, வேறு நாய்கள் தோண்டாமலிருக்க
கிரானைட் கழிவுப் பலகை ஒன்றை மேலே வைத்தோம்,
மெருகு போட்ட பக்கம் கீழே.
மண்ணில் கிருமி மாதக்கணக்கில் இருக்குமாம்.
வாசலெல்லாம் பிளீச்சிங் கரைத்து ஊற்றினேன்.
கறிவேப்பிலைச் செடி காய்ந்துவிட்டது.

எதிர்வீட்டு நாகரத்தினா புதிதாய் ஒரு குட்டி வளர்க்கிறாள்.
'ஊசி போட்டும் உன்னுது போச்சு.
அப்புறம் எதுக்கு தண்டமா காசு?'
அவள் கேட்டது நியாயம்தான்.
அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்தது
ஒரு எரியாத விளக்கு.
அதை அன்றைக்குத்தான் முதன்முதலாய்ச் சொன்னேன்,
அவள் வீட்டுப் படியில், செருப்பைக் கழற்றாமல்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமை குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

ஆலையிலிருந்து தெர்மாமீட்டர்.
பிளாஸ்கில் ஐஸ்.
திம்மராயன் ஃப்ரிட்ஜைத் திறந்தார். விளக்கு எரிந்தது.
'உள்ளே வைத்துப் பத்து நிமிஷம் மூடுங்க' என்றேன்.
பின்னால் இருமல் மருந்துக்கு நின்றவர் முணுமுணுத்தார்.
திம்மராயன் என்னை, குட்டியை, மறுபடி என்னைப் பார்த்து
மூடினார்.

ஆறு.

எழுதப் புத்தகம் கொண்டுவரவில்லை.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்,
நேரத்தோடு.